ஆடிக் காற்றும் மின்சாரக் குட்டி யானையும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தேனி மாவட்டத்து மக்களுக்கு இந்தப் பழமொழியை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

மேற்கு மலைத் தொடரில் சில கணவாய்கள் இருக்கின்றன. தென்மேற்குக் காற்று அவற்றின் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கும் இந்தக் காற்றின் பெரிய வாசல்கள்.

அந்தக் காற்றை நம்பித்தான் தேனி, ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று அங்கே மின்சாரம் தருகிறது.

அதே காற்று, சாலையில் மின்சாரத்தைத் தின்றும் விடுகிறது!

மின்சாரத்தில் ஓடும் சிறு லாரிகள் வந்துவிட்டன. ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்பதுதான் வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதற்குக் கம்பெனி ஒரு பதில் சொல்கிறது. கம்பம் சாலையின் காற்று வேறு பதில் சொல்கிறது.

குட்டி யானை

2005-ம் ஆண்டு டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்ற சிறு லாரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். திராட்சை, வாழை, காய்கறி, தேங்காய், வீட்டுச் சாமான் எல்லாம் அதில் ஏறின.

2022-ம் ஆண்டு மே மாதம் மின்சாரக் குட்டி யானை அறிமுகமானது. அதன் பாட்டரி 21.3 யூனிட் மின்சாரம் கொள்ளும். 600 கிலோ பாரம் ஏற்றலாம். ஒரு சார்ஜில் 154 கி.மீ. ஓடும் என்பது சோதனைக் கணக்கு. 2024-ல் 1 டன் பாரம் ஏற்றும் வண்டியும் வந்தது. அதற்கு 161 கி.மீ. என்று கணக்கு. அதே ஆண்டில் மகிந்திரா கம்பெனியும் 'ஜியோ' என்ற மின்சாரச் சிறு லாரியை இறக்கியது.

இந்தக் கணக்குகள் பொய் அல்ல. ஆனால் அவை சோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழல விட்டு எடுத்தவை. அங்கே கம்பம் காற்று வீசாது. போடி மெட்டும் குறுக்கே வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வது இதைத்தான்.

2 லிட்டர் டீசல்

மின்சார வண்டிக்கு மட்டும் ஏன் இந்தக் கவலை? டீசல் வண்டிக்குக் காற்றுத் தடை இல்லையா?

உண்டு. ஆனால் டீசல் வண்டிக்காரருக்கு அது தெரிவதில்லை. எண்ணெய் குறைந்தால் வழியில் பங்க் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு போய்விடலாம். மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1 லிட்டர் டீசலில் உள்ள சக்தி சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அப்படியானால் 21 யூனிட் பாட்டரியில் இருப்பது, 2 லிட்டர் டீசலுக்குச் சற்றே கூடுதலான சக்திதான்!

அவ்வளவு குறைந்த சக்தியில் 150 கி.மீ. எப்படி ஓடுகிறது? டீசல் எஞ்சின் தன் சக்தியில் பெரும் பகுதியை வெறும் சூடாக வெளியே விட்டுவிடும். மின்சார மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. சிக்கனமாகச் செலவு செய்து ஓடுகிறது.

சிக்கனமான குடும்பத்தில் ஒரு ரூபாய் தொலைந்தாலும் உடனே தெரியும். மின்சார வண்டியும் அப்படித்தான். காற்று கொஞ்சம் பறித்துக்கொண்டாலும் அது கிலோ மீட்டரில் தெரிந்துவிடும்.

வேகம் கூடினால்

ஓடும் வண்டி காற்றைப் பிளந்துகொண்டு போகவேண்டும். முன்னால் உள்ள காற்று நெருக்கப்பட்டு வண்டியைத் தடுக்கிறது. பின்னால் காற்று குறைந்த இடம் ஏற்பட்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. முன்னே ஒருவர் தள்ள, பின்னே ஒருவர் இழுக்க, நடுவில் வண்டி ஓடுகிறது.

வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தடை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். இது காற்றின் விதி.

30 கி.மீ. வேகத்தில் ஊருக்குள் ஓடும் சிறு லாரிக்குக் காற்று பெரிய தொல்லை அல்ல. சக்கரம் உருளுவதற்குத்தான் அதிகச் சக்தி போகும். 60 கி.மீ. வேகத்தில் நிலைமை வேறு. பாரம் ஏற்றிய வண்டி சமதளத்தில் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி காற்றோடு போராடுவதற்கே போய்விடும்.

முகத்தில் அடிக்கும் காற்று

இதெல்லாம் காற்று அசையாமல் இருக்கும்போது. காற்றும் எதிரே வீசினால்?

வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வருகிறது. வண்டிக்கு அது 80 கி.மீ. காற்றுத்தான். தடை முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் காற்றும் பெரும்பாலும் அதே வழியில் வருகிறது. ஆகவே, கம்பத்தில் திராட்சை ஏற்றித் தேனி பக்கம் வரும் வண்டிக்குக் காற்று முதுகில் இருக்கும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும்.

போகும்போது காற்று உதவுகிறதே, வரும்போது அதைக் கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சரியாகாது. பின்காற்று தரும் லாபத்தைவிட எதிர்காற்று செய்யும் நஷ்டம் எப்போதும் அதிகம்.

சின்னமனூரில் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காற்றில்லாத நாளில், 60 கி.மீ. வேகத்தில், ஒரு சார்ஜுக்கு 140 கி.மீ. ஓடும் வண்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சக்தியில் பாதி சக்கரத்துக்கும் பாதி காற்றுக்கும் போகிறது.

மதுரையிலிருந்து கம்பத்துக்கு ஏறக்குறைய 115 கி.மீ. வண்டி மதுரைச் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, முழுச் சார்ஜோடு, வேறு பாரம் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறது. வழி முழுவதும் 20 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று.

60 கி.மீ. வேகத்திலேயே ஓட்டினால் வண்டி சுமார் 100 கி.மீ. ஓடும். ஆண்டிப்பட்டியைத் தாண்டும். தேனியையும் தாண்டும். சின்னமனூர் வந்ததும் பாட்டரி காலி!

வேகத்தை 50 ஆகக் குறைத்தால் அதே வண்டி சுமார் 118 கி.மீ. ஓடும். கம்பத்தைத் தொட்டுவிடும். தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள 40 கி.மீ. தூரத்தில் இதனால் ஆகும் தாமதம் 8 நிமிடம்தான்.

இதோடு, வண்டி மீதும் பாரத்தின் மீதும் படும் காற்றுத் தடையை 5-ல் 1 பங்கு குறைக்க முடிந்தால், 134 கி.மீ. வரை போகலாம். கம்பம் தாண்டிக் கூடலூருக்கே போய்விடலாம்.

பாட்டரி அதேதான். மோட்டாரும் அதேதான். ஒரு ரூபாய் கூடச் செலவாகாத நிதானமும், கொஞ்சம் வடிவ மாற்றமும் சேர்ந்து 34 கி.மீ. கூட்டித் தருகின்றன.

சைக்கிளில் போன விஞ்ஞானி

வடிவத்துக்கு அவ்வளவு சக்தி உண்டா? உண்டு என்று அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி காட்டினார்.

அவர் பெயர் எட்வின் சால்ட்ஸ்மன். கலிபோர்னியாவில் உள்ள நாசா ஆராய்ச்சி நிலையத்தில் விமானங்களைப் பற்றி ஆராய்ந்தவர். அவர் வேலைக்குச் சைக்கிளில் போவது உண்டு. பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது, காற்று முதலில் அவரை ஓரமாகத் தள்ளும். லாரி தாண்டியதும் அதன் பக்கமாகவே இழுக்கும். தேனி சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களும் இதை உணர்ந்திருப்பார்கள்.

மற்றவர்கள் லாரிக்காரரைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சால்ட்ஸ்மன் யோசித்தார். காற்றை இப்படித் தள்ளுவதற்கு லாரி எவ்வளவு எண்ணெயை எரிக்கிறதோ?

1973-ல் அவரும் அவருடைய குழுவினரும் ஒரு பழைய வேனை எடுத்தார்கள். சுற்றிலும் தகடு அடித்து, கூர்மையான மூலைகள் கொண்ட பெட்டியாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு மூலைகளை வளைவாக மாற்றி மறுபடியும் ஓட்டினார்கள். மூலைகளை உருட்டியதிலேயே காற்றுத் தடை 52 சதவிகிதம் குறைந்தது!

பெரிய லாரிகளின் தலையில் இன்று காணப்படும் சரிவான காற்றுத் தகடுகள் பரவியதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே வழி செய்தன. அமெரிக்காவில் 2021-ல் வெளிவந்த 'ரிவியன்' என்ற மின்சாரப் பிக்கப் வண்டியையும் காற்று வழுக்கிப் போகும்படி வடித்திருக்கிறார்கள். சதுரப் பெட்டி ஒன்றின் தடையை 1 என்று வைத்தால், அந்த வண்டியின் அளவு 0.30.

பின்கதவைத் திறக்கலாமா?

வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று தடையின்றி வெளியேறும் என்று பலர் நினைக்கிறார்கள். பிக்கப் வண்டிகளை வைத்துச் செய்த சோதனைகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

கதவு மூடியிருந்தால், பின்தொட்டிக்குள் காற்று சுழன்றுகொண்டே தங்கிவிடும். அது ஒரு மெத்தை போல ஆகும். மேலே வரும் காற்று அந்த மெத்தை மீது வழுக்கிப் போய்விடும். கதவைத் திறந்தால் மெத்தை கலைந்துவிடும். ஆகவே கதவை மூடி வைப்பதே நல்லது. தொட்டியின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி மூடினால் இன்னும் நல்லது.

பாரம் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை:

டிரைவர் அறைக்கு மேலே சரக்கு எழும்பக் கூடாது. குட்டி யானையின் உயரம் 2 மீட்டருக்கும் குறைவு. அதற்கு மேல் அரை மீட்டர் சரக்கு அடுக்கினால், காற்றில் மோதும் பரப்பு சுமார் 4-ல் 1 பங்கு கூடிவிடும்.

உயரமான பெட்டிகளை டிரைவர் அறையை ஒட்டி அடுக்கவேண்டும். பின்னால் போகப் போக உயரம் குறையவேண்டும். அறைக்கும் சரக்குக்கும் நடுவே பெரிய இடைவெளி விடக்கூடாது. காற்று அதற்குள் புகுந்து மோதும்.

தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டால், பாட்டரி கரைகிறது என்று அர்த்தம். கயிற்றை இறுக்கிக் கட்டவேண்டும்.

காலியான பழப்பெட்டிகளைக் கோபுரம் போல அடுக்கக்கூடாது. கனம் இல்லையே என்று அலட்சியம் செய்யலாகாது. காற்றுக்குக் கனம் முக்கியமல்ல. உயரமும் அகலமும்தான் முக்கியம்.

டயரில் காற்றைச் சரியான அளவில் வைக்கவேண்டும். இது சக்கரத்தின் செலவைக் குறைக்கும்.

மலைப் பாதை வேறு

இந்த யோசனைகள் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

போடியிலிருந்து போடி மெட்டுக்குப் போக ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறவேண்டும். அங்கே வேகம் குறைவு. காற்றுத் தடையும் குறைவு. ஆனால் பாரம் ஏற்றிய சிறு லாரியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே பாட்டரியில் ஏறக்குறைய 4-ல் 1 பங்கு வேண்டும். தகடும் தார்ப்பாயும் இங்கே உதவா. சரக்கைக் குறைப்பதே வழி.

ஒரு ஆறுதல் உண்டு. இறங்கும்போது மோட்டாரே டைனமோ போல வேலை செய்து, செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பித் தரும். டீசல் வண்டியால் இது முடியாது.

ஊருக்குள் கடை கடையாக நின்று சரக்கு இறக்கும் வண்டிக்கும் காற்று பெரிய எதிரி அல்ல. காற்றின் ஆட்டம் எல்லாம் தேனி-கம்பம், தேனி-மதுரை போன்ற நீண்ட சாலைகளில்தான்.

யார் என்ன செய்வது?

பொறுப்பு முழுவதையும் டிரைவர் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது.

வளைந்த காற்றுத் தகடு ஒன்றைக் கூரையில் பொருத்தித் தருவது கம்பெனிகளுக்குப் பெரிய காரியம் அல்ல. பின்தொட்டிக்கு அளவெடுத்துத் தைத்த தார்ப்பாயையும் வண்டியோடு தரலாம். காற்றில்லாத கணக்கை மட்டும் சொல்லாமல், எதிர்காற்றில் எவ்வளவு ஓடும், மலையில் எவ்வளவு ஓடும் என்பதையும் அட்டவணை போட்டுக் கொடுக்கலாம். கடன் வாங்கி வண்டி எடுப்பவருக்கு அந்த உண்மை தெரிந்தாகவேண்டும்.

சந்தைகளிலும் சரக்கு இறக்கும் இடங்களிலும் சார்ஜ் ஏற்றும் வசதி வேண்டும். சரக்கு இறங்கும் நேரத்தில் மின்சாரம் ஏறிக்கொள்ளும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெற்ற பழம்தான். ஆனால் வழியில் வண்டி நின்றுவிட்டால் பழம் காத்திருக்காது. அழுகிப்போன பழத்தின் நஷ்டம் விவசாயிக்கும் வண்டிக்காரருக்கும்தான்.

மின்சார வண்டியை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு இது காரணம் ஆகாது. கம்பத்திலிருந்து தேனிக்குப் போய்த் திரும்ப 80 கி.மீ. தான். மேலே சொன்ன வண்டி எதிர்காற்று நாளிலும் இதை ஒரே சார்ஜில் முடித்துவிடும். மதுரைக்குப் போகிறவர்தான் அங்கே சார்ஜ் ஏற்றுவதற்கு இடமும் நேரமும் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, வண்டி வாங்கப் போகிறவர்கள் விளம்பரத்தில் உள்ள கிலோ மீட்டரை வைத்துக் கணக்குப் போடவேண்டாம். ஆடி மாதத்தில், எதிர்காற்றில், ஊர் திரும்பும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்த நாளில் வீடு வந்து சேரும் வண்டி, மற்ற நாட்களிலும் வந்து சேரும்.