கால் போனால் கட்டிலும் போக வேண்டுமா? விளையாட்டு மாணவர்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

விளையாட்டுத் திறமையைப் பார்த்து விடுதியில் சேர்த்துக்கொண்ட பிள்ளை, விபத்திலோ நோயிலோ ஒரு காலை இழந்துவிடுகிறது. விளையாட்டின் பேரில் கிடைத்த விடுதி இடமும் உதவித்தொகையும் கல்லூரி சீட்டும் அதன் பிறகு என்ன ஆக வேண்டும்? இந்தக் கேள்வியை யாரும் எழுத்தில் கேட்பதில்லை. கேட்காமலேயே அதற்கு ஒரு முடிவு நடந்துவிடுகிறது.

காலிழந்த விளையாட்டு வீரர்கள், அவர்களுடைய பெற்றோர், பயிற்சியாளர்கள், செயற்கைக் கால் செய்யும் இரண்டு பேர் என்று சேர்ந்த சிறிய சங்கம் எங்களுடையது. எங்கள் நிலைப்பாடு இது: அறுவை நடந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு முழுக் கல்வியாண்டுகளுக்கு அந்த இடம் அந்தப் பிள்ளைக்கே உரியது. மறுபடி விளையாடுவேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் உண்டு என்ற நிபந்தனையும் கூடாது.

எங்களிடம் வந்த ஒரு பையன் நானூறு மீட்டர் ஓடியவன். பிளஸ் ஒன் படிக்கும்போது சாலை விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்காவது வாரம் அவன் அப்பா விடுதிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். அங்கே யாரும் கடுஞ்சொல் பேசவில்லை. வார்டன் டீ வாங்கிக் கொடுத்தார், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், "தம்பிக்கு உடம்பு தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. அடுத்த மாதம் அந்தக் கட்டிலில் வேறொரு பையன் படுத்திருந்தான். விடுதியின் பெயரை நாங்கள் சொல்லப்போவதில்லை, வார்டன் மேல் எங்களுக்குக் கோபமும் இல்லை. இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு எவரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அரசு ஊழியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 4: பணியில் இருக்கும்போது உடற்குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவியிலும் இறக்கக் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். ஐம்பது வயது அலுவலக உதவியாளருக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, காலை மட்டுமே நம்பி ஊரைவிட்டு வந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏன் இல்லை? மாணவர் ஊழியர் அல்ல, அந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வாய்ப்பை மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்து ஓர் அரசாணை போட எந்தத் தடையும் இல்லை.

இடங்கள் குறைவு, காத்திருக்கும் இன்னொரு பிள்ளையின் வாய்ப்பு போய்விடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விடையும் 20-ஆம் பிரிவிலேயே இருக்கிறது: கூடுதல் இடம். ஒரு விடுதியில் இப்படி நேர்வது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? அதற்காக ஒரு கட்டிலைக் கூடுதலாகப் போட முடியாத விடுதி இருக்காது.

இரண்டு ஆண்டு என்று ஏன் சொல்கிறோம்? கைப்பந்து ஆடிய அருணிமா சின்ஹா 2011 ஏப்ரலில் ஓடும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டுக் காலை இழந்தார், 2013 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். எங்களுக்குத் தெரிந்தவற்றில் மிக வேகமான மீட்சிகளில் இது ஒன்று. இதற்கே இரண்டு ஆண்டு ஆயிற்று. 1981-இல் திருச்சி அருகே பேருந்து விபத்தில் காலை இழந்த நடனக்காரர் சுதா சந்திரன், 'ஜெய்ப்பூர் கால்' என்ற செயற்கைக் காலோடு மேடைக்குத் திரும்பியது 1984-இல். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் கூடைப்பந்து ஆட்டக்காரர். எலும்புப் புற்றுநோயால் 1977 மார்ச்சில், 18 வயதில், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். நாட்டின் குறுக்கே அவர் ஓடத் தொடங்கியது 1980 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடினார், ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப் பழகினார். மல்யுத்த வீரராகக் கனவு கண்ட சுமித் அந்தில் 2015-இல் பைக் விபத்தில் இடது காலை இழந்தார். டோக்கியோ பாராலிம்பிக்ஸில் 68.55 மீட்டர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றது 2021-இல். இவர்களை மேடையில் நிறுத்திக் கைதட்டுகிறோம். நடுவில் கழிந்த ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை. அந்த ஆண்டுகளில் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு?

அந்தக் காலத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் இதைச் செயற்கைக் காலை மாட்டினால் முடிந்துபோகும் காரியம் என்று நினைக்கிறார்கள். முதல் சில வாரங்களில் மிச்சக் காலுக்கு எலாஸ்டிக் பேண்டேஜை எட்டு போட்டுச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கமாகவும் மேலே வரவரத் தளர்வாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் சுற்றினால் நுனி வீங்கிவிடும். வலிக்கிறதே என்று அம்மா முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார். பாசம்தான். ஆனால் அப்படியே விட்டால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய், பிறகு செயற்கைக் காலில் நிமிர்ந்து நடக்க முடியாது. பிசியோ வந்து தலையணையை எடுப்பார், அவர் போனதும் அம்மா திரும்ப வைப்பார். இந்தச் சண்டை எங்கள் உறுப்பினர்கள் வீடுகளில் பாதிக்கு மேல் நடந்திருக்கிறது.

ராத்திரியில், இல்லாத காலின் கட்டைவிரல் எரியும். நாங்கள் மேலே சொன்ன பையன், ஷூ லேஸ் இறுக்கமாக இருக்கிறது, அவிழ்த்துவிடு என்று தூக்கத்திலிருந்து எழுந்து கேட்டிருக்கிறான். வீட்டில் பயந்துபோய் மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். அது பேயும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. மூளையில் அந்தக் காலுக்கான இடம் இன்னும் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்குச் சாதாரணக் கண்ணாடியை வைத்தே ஒரு பயிற்சியைக் கண்டுபிடித்தார். இருக்கும் கையின் அல்லது காலின் பிம்பத்தை, இல்லாத உறுப்பின் இடத்தில் தெரியும்படி வைத்து அசைத்துப் பார்ப்பது. எல்லாருக்கும் பலிப்பதில்லை, பலருக்கு உதவுகிறது. உள்ளூரில் ஒரு நிலைக்கண்ணாடியின் விலையில் செய்துவிடக்கூடிய இந்தப் பயிற்சியைப் பற்றி, ஆஸ்பத்திரியைவிட்டு வரும்போது பலருக்கு எவரும் சொல்லி அனுப்புவதில்லை.

பிறகு சாக்கெட், அதாவது மிச்சக் காலை உள்ளே வைக்கும் கிண்ணம். மிச்சக் கால் முதல் வருடம் முழுக்கச் சுருங்கிக்கொண்டே இருக்கும். பொருத்திய சில மாதங்களில் கிண்ணம் தளரும், காலுறை மேல் காலுறையாகப் போட்டு ஒப்பேற்ற வேண்டும், அப்புறம் புதிதாகச் செய்ய வேண்டும். வளர்கிற வயதென்றால் நல்ல கால் உயர உயர, செயற்கைக் காலையும் மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வை வழிந்து உள்ளே சறுக்கும், தோல் உரியும். உரிந்தால் ஒரு வாரம் ஊன்றுகோல். ஆகவே 'இத்தனை ஆண்டுக்கு ஒரு கால்' என்று பெரியவர்களுக்குப் போட்ட கணக்கை இந்தப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. தேவைப்படும்போதெல்லாம் சாக்கெட் மாற்றித் தர வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது கோரிக்கை.

பிளேடு பற்றி எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. தானே ஒரு காலை இழந்த அமெரிக்கர் வான் பிலிப்ஸ் உருவாக்கிய, கார்பன் இழையாலான அந்த வளைவுக் காலைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, லட்சக்கணக்கில் வசூல் செய்து முதலில் அதை வாங்கித் தரும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அது ஓடுவதற்கான கால். அதற்குக் குதிகால் கிடையாது. பஸ்ஸில் நின்று போக, வகுப்புக்குப் படியேற, கழிவறைக்குப் போக அது தோதுப்படாது. நன்றாகப் பொருந்திய அன்றாடக் கால்தான் முதலில் வேண்டும் என்று முடிவு செய்தோம். அது பழகிய பிறகு, பிள்ளை கேட்டால், ஓட்டக் காலுக்கான பணத்தை அரசு விளையாட்டு நிதியிலிருந்து தர வேண்டும்.

பிள்ளை கேட்டால் என்பதை அழுத்திச் சொல்கிறோம். மூன்றாவது நாளே வார்டுக்கு வந்து, "கவலைப்படாதே, மாரியப்பன் மாதிரி நீயும் பாராலிம்பிக்ஸ் போகலாம்" என்று தோளில் தட்டுபவர்களைப் பார்த்து அலுத்துவிட்டோம். மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று முறை பதக்கம் வென்றவர், எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் போன வாரம்வரை ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இன்னும் அழுதே முடிக்கவில்லை. அவருக்கு ஓட்டமே வேண்டாம், கணக்கு படிக்க வேண்டும் என்று தோன்றலாம். நடுவராகலாம், உட்கார்ந்து ஆடும் கைப்பந்துக்குப் போகலாம், ஒன்றுமே செய்யாமல் ஒரு வருடம் இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் கட்டில் அவருடையதுதான். ஃப்ளெக்ஸ் பேனரில் 'தன்னம்பிக்கை நாயகன்' என்று போட அனுமதி கேட்டு வருபவர்களுக்கும் இதே பதில்.

பழைய பயிற்சியாளருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. என்ன பேசுவதென்று தெரியாமல் பலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். பேச வேண்டாம், வந்தால் போதும். ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்து ஜூனியர்களுக்கு நேரம் எடுக்கச் சொன்ன ஒரு பி.டி. மாஸ்டரை எங்கள் உறுப்பினர் ஒருவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த அறிக்கையை அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்புகிறோம். ஆணை வரும்வரை எங்களால் முடிந்ததைச் செய்வோம். விடுதிக்குக் கடிதம் எழுதித் தருவோம், ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவோம். அலுவலகத்தில் ஓர் அலமாரியும் இருக்கிறது. கடையில் ஸ்பைக்ஸ் ஷூவை ஜோடியாகத்தான் விற்கிறார்கள், பிளேடு போட்டு ஓடுபவருக்கு ஒன்றுதான் வேண்டும். மிஞ்சுவதை அலமாரியில் வைக்கிறோம், மறுகால் உள்ளவர் அளவு பார்த்து எடுத்துக்கொள்கிறார். இப்போதைக்கு எட்டாம் நம்பரில் இடது கால் மூன்று இருக்கிறது. நானூறு மீட்டர் பையன் போன மாதம் வந்து ஒன்பதாம் நம்பர் வலது கால் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். இல்லை. வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தரலாம்.