தவளை யார் வாயால் கெடும்?

நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வேளச்சேரியில் நான்காவது மாடி. ஹாலில் மீன் தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மணல், ஒரு மரக்கட்டை, மேலே பல்பு. ஆனால் பெட்டி காலி.

"போன மாசம் வரைக்கும் இதுல ஒரு ராஜா இருந்தாரு சார்" என்றார் நண்பரின் அப்பா. ராஜா என்பது பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியாவின் வறண்ட பூமிக்குச் சொந்தமான ஓணான். பத்தாவது படிக்கிற பேரன் அடம்பிடித்து வாங்கியது.

பூச்சிக்கு எங்கே போவது என்று கடையில் கேட்டிருக்கிறார்கள். "கீழ தோட்டம் இருக்குல்ல? வெட்டுக்கிளி, புழு, எது கிடைச்சாலும் போடுங்க. எல்லாம் நேச்சுரல் சார்!" என்று பதில். தினமும் சாயந்திரம் தாத்தாவும் பேரனும் டப்பாவோடு கீழே இறங்கினார்கள். நாலு மாதம் ஒரு பிரச்னையும் இல்லை. ஒருநாள் ராஜா நடுங்கினார். மறுநாள் காலையில் அசைவில்லை.

விசாரித்தால், அதற்கு முந்தின நாள்தான் தோட்டத்துக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். அதனால்தான் செத்தது என்று கால்நடை மருத்துவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

எனக்குத் தோட்டக்காரர் மேல் கோபமில்லை. பெரியவர் மேலும் இல்லை. அந்த 'நேச்சுரல்' என்ற வார்த்தை மேல்தான் கோபம்.

எது சார் நேச்சுரல்? குரோட்டன்ஸுக்கும் புல்தரைக்கும் மாதாமாதம் மருந்து. சாக்கடைக்கு மருந்து. கொசுவுக்குப் புகை. கரப்பானுக்கு சாக்பீஸ். விஷத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயரைக் கவனியுங்கள். மருந்தாம்! அந்த மருந்து அடித்த மறுநாள் செடியடியில் தள்ளாடிக்கொண்டிருக்கும் வெட்டுக்கிளி, குழந்தை கைக்குக்கூடச் சுலபமாகச் சிக்கும். நல்ல வெட்டுக்கிளி அப்படிச் சிக்குமா? துள்ளிப் போயிருக்காதா? சுலபமாகக் கிடைக்கிற பூச்சிதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய பூச்சி.

இது இன்று நேற்று தெரிந்த விஷயமும் இல்லை. 1950-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், எல்ம் மரங்களுக்கு நோய் பரப்பும் வண்டுகளைக் கொல்ல டி.டி.டி. தெளித்தார்கள். இலை உதிர்ந்தது. அதை மண்புழு தின்றது. விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொண்டு உயிரோடும் இருந்தது. அந்த மண்புழுக்களைத் தின்ற ராபின் பறவைகள் நடுங்கி நடுங்கிச் செத்தன. ஒரு பறவையைக் கொல்ல 11 பெரிய மண்புழுக்களே போதும் என்று கணக்குக் காட்டினார்கள். ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதிய 'மௌன வசந்தம்' புத்தகத்தில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. அறுபது வருஷம் தாண்டியும் நாம் "மண்புழுதானே, சத்து" என்று டப்பாவில் அள்ளுகிறோம்.

சரி, எங்கள் தோட்டத்தில் மருந்தே அடிப்பதில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் பூச்சிக்குச் சொந்தமாகவும் விஷம் உண்டு. எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக அழகாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி, எருக்கின் விஷத்தையே உடம்பில் வாங்கி வைத்திருக்கிறது. அந்தப் பளிச் நிறம் அலங்காரம் இல்லை, 'தொடாதே' என்ற போர்டு. மின்மினி இன்னும் மோசம். தேரையின் விஷத்துக்கு உறவான ஒன்று அமெரிக்க மின்மினிகளில் இருக்கிறது. அதைத் தின்று செல்ல பியர்டட் டிராகன்கள் செத்ததை 1999-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு மின்மினிகூட ஆபத்து.

"காட்டுல அது பூச்சியைத்தானே சார் தின்னுது?" என்று கேட்பார்கள். தின்கிறது. ஆனால் அது அதன் காடு, அதன் பூச்சி. எதைத் தின்னலாம், எதைத் துப்பலாம் என்பது பல்லாயிரம் வருஷத்துப் பாடம். ஆஸ்திரேலியாவில் படித்த பாடத்தை வைத்து வேளச்சேரியில் பரீட்சை எழுதச் சொன்னால்?

இதில் இன்னொரு கூத்து. இகுவானா இலை தழை தின்கிற சுத்த சைவம். அதற்கும் வெட்டுக்கிளி பிடித்துப் போடுகிற வீடுகள் உண்டு. பல்லி ஜாதி என்றால் பூச்சி என்று ஒரே முடிவு. அந்தப் பாசம் கடைசியில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தின்பண்டமாக எப்போதாவது ஒன்று கொடுப்பது வேறு. தினசரி சாப்பாடே அதுதான் என்றால், வளர்க்கிற பூச்சிதான் சரி. சிள்வண்டையும் மாவுப்புழுவையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டிலேயே பெருக்கலாம். கொடுப்பதற்கு ஒருநாள் முன்பு அவற்றுக்குக் கீரையும் கேரட்டும் போட்டு, மேலே கால்சியம் பொடி தூவ வேண்டும். பெரும்பாலான பூச்சிகளில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இதைக் கவனிக்காவிட்டால் எலும்பு வளைந்து, தாடை மெத்தென்று ஆகிவிடும். "இவ்வளவு வேலையா?" என்று மலைத்தால் வாங்காதீர்கள். ஓசியில் சாப்பாடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருவது வளர்ப்பா?

இங்கேதான் எனக்கு இன்னொன்று உறுத்துகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ராஜா செத்தால் வீடே அழுகிறது. டாக்டர் வருகிறார். காரணம் தேடுகிறோம். அதே தோட்டத்து வெட்டுக்கிளியைத்தான் வேலியோர ஓணானும் தின்கிறது. மழைக்காலத்தில் பைப் அடியில் உட்காரும் தேரைக்கு அதே புழுதான் சாப்பாடு. டியூப்லைட் பக்கத்துப் பல்லி, புகையில் மயங்கி விழுந்த பூச்சியைத்தான் விழுங்குகிறது. அதற்கு யார் கால்சியம் பொடி தூவப் போகிறார்கள்? அது செத்தால் காலையில் துடைப்பத்தோடு போயிற்று.

தவளை தன் வாயால் கெடும் என்கிறோம். தப்பு. வாய் மட்டும்தான் தவளையுடையது. கெடுப்பது நாம்.

ஆகவே, உங்கள் தோட்டத்துப் பூச்சியை உங்கள் செல்லத்துக்குத் தைரியமாகக் கொடுக்க முடியுமா என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், கையிலிருக்கும் டப்பாவைக் கீழே வையுங்கள். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து நின்று, "யாரைக் கேட்டு சார் மருந்து அடிக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

அந்தத் தோட்டத்துப் புல்லில்தான் உங்கள் குழந்தையும் வெறுங்காலோடு ஓடுகிறது.