ஒற்றை ஆள் செய்யும் கேமுக்கு ஊர் போடும் காசு

எங்கட விடுதி அறையில் ஒருத்தன் இரண்டு வருஷமாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறான். படம், இசை, கோடிங், கதை எல்லாம் அவன்தான். போன மாதம் அவனுடைய பழைய லப்டொப் சூடாகி நின்றுவிட, "கிக்ஸ்டார்டரில போட்டா என்ன மச்சான்?" என்று கேட்டான். அன்று இரவு முழுக்க அதைப் பற்றித்தான் கதைத்தோம். கதைத்து வந்த முடிவை இங்கே எழுதுகிறோம்.

திரள்நிதி என்றதும் எல்லாரும் காட்டுவது 'அண்டர்டேல்' கேமைத்தான். 2013இல் டோபி ஃபொக்ஸ் கேட்டது 5,000 டொலர். சேர்ந்தது 51,124 டொலர். ஆனால் இரண்டு விஷயங்களை யாரும் சொல்வதில்லை. காசு கேட்க முதலே, விளையாடிப் பார்க்கக்கூடிய ஒரு டெமோவை அவர் வெளியிட்டிருந்தார். அடுத்தது, 2014இல் தருவதாகச் சொன்ன கேம் 2015 செப்டெம்பரில்தான் வந்தது. கேட்டதைவிடப் பத்து மடங்கு கிடைத்தும் பிந்தித்தான் வந்தது. பெரும்பாலான வேலையை ஒரே ஆள் செய்யும்போது, காசு கூடினாலும் அவருக்கு ஒரு நாளில் 24 மணித்தியாலம்தான்.

கம்பனியில் ஒருத்தர் விலகினால் இன்னொருத்தர் வருவார். தனி ஆளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, வீட்டில் ஒரு செத்தவீடு நடந்தாலோ கேம் அப்படியே நிற்கும். காசு போடுகிற ஆக்கள் கேமுக்குப் போடுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் போடுவது ஒரு ஆளின் நேரத்துக்கும் உடம்புக்கும். சீட்டுப் போட்டால் என்றைக்காவது எங்கட முறை வரும். இதில் அந்த நிச்சயம் இல்லை. கிக்ஸ்டார்டரே தான் கடை இல்லை என்றுதான் சொல்கிறது. கேம் வராவிட்டால் அது காசைத் திருப்பித் தராது, பொறுப்பு செய்தவருடையது.

செலவையும் பார்ப்போம். 5,000 டொலர் சேர்ந்தால் தளத்தின் 5 வீதக் கட்டணமாக 250 டொலர் போகும். கார்ட் கட்டணம் வேறு. டீசேர்ட் தருவதாகச் சொல்லியிருந்தால் அச்சுச் செலவும் தபால் செலவும் வரும். "இன்னும் ஆயிரம் சேர்ந்தால் புது லெவல்" என்று ஆசை காட்டினால், அதையும் அதே ஒரு ஆள்தான் செய்ய வேண்டும்.

இலங்கையில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்டரில் திட்டம் தொடங்கவும் ஏலாது. அதனால் "கனடா மாமாட பேரில போடுவம்" என்று ஒரு யோசனை வந்தது. அது சரியா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பொடியன் இறுதிச் சோதனையில் மாட்டிக்கொண்டால், காசு போட்டவர்கள் மாமாவிடம்தான் கேட்பார்கள். கேமோடு சேர்ந்து சொந்தமும் முறியும்.

'ஸ்டார்டியூ வேலி' செய்த எரிக் பரோன் வேறு வழியில் போனார். நாலு வருஷத்துக்கு மேல் தனியாகச் செய்தார். தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தார், துணையின் உழைப்பும் தாங்கியது. 2016இல் கேம் வெளியாகும்வரை ஆக்களிடம் முன்காசு வாங்கவில்லை. அதனால் பிடிக்காததை அழித்துத் திரும்பத் திரும்பச் செய்ய அவருக்கு முடிந்தது. ஆனால் அப்படித் தாங்க ஆள் இல்லாத பிள்ளைகள்தான் எங்களுக்குள் அதிகம். ஆகவே திரள்நிதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

காசு கேட்க முதல் பத்து நிமிஷமாவது விளையாடக்கூடிய ஒன்றைக் காட்டுங்கோ. வாக்குறுதியைச் சின்னதாக வையுங்கோ. முடிக்க ஏலாமல் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் முதலே எழுதுங்கோ. காசு போடுகிற நாங்களும் போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் போடுவோம். பிந்தினால் கேள்வி கேட்கலாம், ஆளைத் தூசணத்தால் பேசக்கூடாது.

எங்கட நண்பன் இப்போது டெமோ செய்கிறான். நேற்று விளையாடிப் பார்த்தோம். இரண்டாவது அறைக் கதவு திறக்கவில்லை. முதலில் அதைத் திருத்தட்டும், காசு பிறகு கேட்கலாம்.