தெரியாது என்ற அடைக்கலம்

ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில், 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த நச்சுக்காற்று, அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகளை முதலில் மூச்சுத் திணறடித்து, பின்னர் ஆயிரக்கணக்கானோரைச் சிகிச்சைக்கு ஓடவைத்து, 111 பள்ளிகளின் கதவுகளையும் அடைக்கச் செய்தது. அந்நாட்களில் தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் என் செவியில் விழுந்த அபிப்பிராயம் பெரும்பாலும் ஒன்றே: "லாரிக்காரன் செய்ததற்கு முதலாளி என்ன செய்வார், பாவம்!" படித்தவர்கள் இதையே மெருகிட்டு, நிறுவனத்துக்கு அபராதம் போதும், நிர்வாகிகளைச் சிறைக்கு அனுப்பினால் முதலீடு ஓடிவிடும் என்றனர்.

நிறுவன இயக்குநர்களும் ஒரு லாரி ஓட்டுநரும் அப்போது ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்களுள் யார் குற்றவாளி என்று தீர்ப்புரைப்பது என் உத்தேசமன்று. என் விரோதமெல்லாம் அந்த அனுதாபத்தோடுதான்.

அபாயகரமான கழிவு என்பது நிர்வாகியின் பார்வைக்குத் தப்பித் தானே சேர்ந்து தானே வெளியேறும் வஸ்து அன்று. 2005ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஆலை தன்னிடம் உண்டாகும் கழிவைக் கணக்கெழுதி, 180 நாட்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ தேக்கிவைக்காமல், உரிமம் பெற்றவரிடமே ஒப்படைத்து, அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் வைத்திருக்க வேண்டும். நெகிரி செம்பிலானின் புக்கிட் நானாஸில் அதற்கென்றே ஒரு நிலையம் உண்டு. அங்கே அனுப்பப் பணம் செலவாகும். அந்தச் செலவு கணக்குப் புத்தகத்தில் காணப்படவில்லையே என்று கேட்காத நிர்வாகி, கேட்டால் விடை கிடைத்துவிடும் என்று அறிந்தே கேளாதிருந்தவர். ஓட்டுநருக்கோ, தாம் ஏற்றிச்செல்வது பென்சீனா வேறெதுவா என்று தெரிந்திருக்கக்கூட நியாயமில்லை.

சட்டமும் இவ்வனுதாபத்தை அங்கீகரிக்கவில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்து 43ஆம் பிரிவு, நிறுவனம் குற்றம் புரிந்தால் இயக்குநரையும் குற்றவாளியாகவே கருதுகிறது. தம் சம்மதமின்றி நடந்தது என்பதோடு, எடுக்கவேண்டிய முன்னெச்சரிக்கை யாவும் எடுத்ததாகவும் அவரே நிரூபித்தாக வேண்டும். நீதிமன்றத்தில் செல்லாத இக்காசு நம்மிடையே மட்டும் செலாவணியாவதன் காரணம், தோட்ட வாழ்க்கையில் இருக்கிறதென்பது என் சந்தேகம். ரப்பர்க் காட்டில் தவறு நேர்ந்தால் தண்டனை பால் வெட்டுபவனுக்கு, வசை கங்காணிக்கு. துரை பங்களாவிலும் கம்பெனி லண்டனிலும் நிர்மலமாக இருந்தார்கள். தோட்டத்தைவிட்டு வந்த பின்னும் துரைபக்தி நம்மை விட்டபாடில்லை.

அபராதமே போதும் என்போர் போபாலை நினைக்கட்டும். 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற விஷவாயுவுக்காக யூனியன் கார்பைடு 1989இல் 47 கோடி டாலர் கொடுத்து ஒதுங்கிற்று. அதன் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைதாகி, ஜாமீனில் வெளிவந்து, தம் தேசம் சென்று, விசாரணைக்குத் திரும்பாமலே 2014இல் காலமானார். இந்திய நிர்வாகிகளுக்கு 2010இல் கிடைத்தது இரண்டாண்டுத் தண்டனையும் உடனடி ஜாமீனும். நம் நாட்டிலும் 2024இல் உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. நல்லதே, ஆனால் அதைச் செலுத்துவது நிறுவனத்தின் கஜானா.

முதலீடு ஓடிவிடும் என்ற பயத்துக்கும் பதில் தூரத்தில் இல்லை. ஜலசந்திக்கு அக்கரையில், சிங்கப்பூரின் பணியிடப் பாதுகாப்புச் சட்டமும் நிறுவன அதிகாரிகள்மீது இதே பொறுப்பைச் சுமத்துகிறது. அங்கிருந்து மூலதனம் ஓடிவருகிறதென்று பாசிர் கூடாங்கில் எவரும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கவில்லை.