பாழடைந்தனவா, பாழாக்கப்பட்டனவா? மால்களின் இடிபாட்டு அழகியல் குறித்து

கருத்தரங்க மேடைகளில் அண்மைக்காலமாக ஒரே வகையான நிழற்படம் திரும்பத் திரும்பத் திரையிடப்படுகிறது. ஓடாமல் நின்றுபோன நகரும் படிக்கட்டு, கண்ணாடிக் கூரையின் கீழ்ப் புறா எச்சம், பாதி எழுத்துகள் உதிர்ந்த கடைப் பெயர்ப்பலகை, ஆடையின்றி நிற்கும் துணிக்கடைப் பொம்மை. படத்தின் அடியில் வால்டர் பெஞ்சமினிடமிருந்து ஒரு வாக்கியம். பின்னர் நவதாராளவாதம், தற்காலிகத்தன்மை, நினைவு ஆகிய மூன்று சொற்களை வெவ்வேறு வரிசையில் அடுக்கிய இருபது நிமிட உரை, அதைத் தொடர்ந்து கைதட்டல். அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர், கடைசி மாத ஊதியம் அவர்களுக்குக் கிடைத்ததா என்று அரங்கிலிருந்து ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அது 'பொருளியல் துறைக்குரிய கேள்வி' என்று புன்னகையோடு ஒதுக்கப்படுகிறது.

இந்த அழகியல் இறக்குமதிச் சரக்கு. விக்டர் க்ரூயன் வடிவமைத்த சவுத்டேல் வளாகம் 1956இல் மின்னசோட்டாவில் திறக்கப்பட்டது. அதிலிருந்து அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கப் புறநகர்களில் மால்கள் வரிசையாகச் செத்தபோது, அங்கே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை தன் பதின்பருவத்தின் கூடத்தை இழந்தது. அவர்கள் கேமராவோடு உள்ளே நுழைந்ததற்கு ஒரு நியாயம் உண்டு. டெட்ராய்ட் நகரின் சிதைவுகளை அழகு பார்த்தவர்களை 'இடிபாட்டு ஆபாசம்' என்று இடித்துரைத்ததும் அதே நாட்டின் விமர்சனமரபுதான். இந்தியக் கல்விப்புலம் அந்தப் படங்களைத் தருவித்துக்கொண்டது. அவற்றின் மீதான விமர்சனம் மட்டும் சுங்கச்சாவடியிலேயே தங்கிவிட்டது போலும்.

இந்தியாவில் மால் என்ற வடிவத்தின் வயது கால் நூற்றாண்டைச் சற்றே தாண்டியது. டெல்லி ஆண்ட்ரூஸ் கஞ்சில் அன்சல் பிளாசாவும் மும்பை தார்தேவில் கிராஸ்ரோட்ஸும் 1999இல் திறக்கப்பட்டன. கிராஸ்ரோட்ஸின் தொடக்க நாட்களில் கைபேசியோ கடன் அட்டையோ காட்ட இயலாதவர்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்கப்பட்டது அக்காலச் செய்தித்தாள்களில் பதிவாகியுள்ளது. 1999இல் கைபேசி வைத்திருந்த இந்தியர் எவர் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் அதே கட்டடம் கைமாறி, 'சோபோ சென்ட்ரல்' எனப் பெயர் மாறி, கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, வங்கிக்கடன் நிலுவையில் மூழ்கியது. இன்று அதன் வெறுமையைக் கண்டு 'பொதுவெளியின் மரணம்' என்று இரங்கற்பா எழுதுவோர், வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் பொதுவெளி எது என்பதையும் சொல்ல வேண்டும்.

இணைய வணிகம் மால்களைக் கொன்றுவிட்டது என்பது இந்த உரைகளின் மாறாத பல்லவி. இந்தியாவின் மொத்தச் சில்லறை வணிகத்தில் இணையத்தின் பங்கு இன்னும் பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. மேலும், பழைய மால்கள் இருண்ட அதே ஆண்டுகளில் புதிய மால்கள் திறக்கப்பட்டே வந்துள்ளன. பெங்களூரில் ஃபீனிக்ஸ் குழுமத்தின் மால் ஆஃப் ஏசியா 2023இல் திறக்கப்பட்டபோது எழுந்த சிக்கல் ஆளின்மை அன்று. கூட்டத்தால் முடங்கிய சாலைப் போக்குவரத்து. நுகர்வோர் மால்களைக் கைவிட்டுவிடவில்லை. சில மால்கள் கைவிடப்பட்டன, சில பெருத்தன. எவை, ஏன் என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

விடையின் பெரும்பகுதி விற்பனைப் பத்திரங்களில் இருக்கிறது. 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் டெல்லியைச் சுற்றிய குர்கான், நொய்டா பகுதிகளிலும் மும்பைப் புறநகரிலும் எழுந்த மால்களில் பல, வணிகம் நடத்தக் கட்டப்பட்டவை அல்ல. துண்டு துண்டாக விற்கக் கட்டப்பட்டவை. கட்டுமானம் முடியும் முன்பே நூறு சதுர அடி, இருநூறு சதுர அடி என்று கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் ஓய்வூதியப் பணத்தை வைத்திருந்த அரசு ஊழியர்கள், வெளிநாட்டில் உழைத்துச் சேமித்தவர்கள், மகளின் திருமணத்துக்கென ஒதுக்கியதை முதலீடாக்கியவர்கள். கடை வாடகைக்குப் போகும்வரை மாதந்தோறும் 'உறுதியளிக்கப்பட்ட வருவாய்' தருவதாகக் கட்டுமான நிறுவனங்கள் எழுதிக்கொடுத்தன. அந்த மாத வருவாய் முதல் வாடகையிலிருந்து வந்ததன்று. அடுத்தவரிடம் வாங்கிய முன்பணமே பல இடங்களில் வருவாயாகத் திரும்பியது. விற்பனை நின்ற அன்று வருவாயும் நின்றது.

ஒரே உரிமையாளர் கைவசமுள்ள மாலில் எந்தத் தளத்தில் எந்தக் கடை என்பதை ஒருவர் தீர்மானிக்கிறார். கூட்டத்தை இழுக்கும் பெருங்கடைக்கு அடிமாட்டு வாடகையில் இடம் கொடுத்து, அந்த இழப்பைச் சிறுகடைகளின் வாடகையில் ஈடுகட்டுகிறார். டெல்லி சாகேத்தில் 2007இல் திறந்த செலக்ட் சிட்டிவாக் குத்தகை முறையில் இயங்கிப் பிழைத்ததன் சூட்சுமம் இதுவே. முந்நூறு உரிமையாளர்கள் உள்ள வளாகத்தில் இந்தக் கணக்கு நடக்காது. ஒருவர் கைபேசி உறைக் கடை வைப்பார், பக்கத்தில் இன்னொருவர் சீட்டு நிறுவனத்துக்கு விடுவார், மூன்றாமவர் விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பார். பூட்டிய கடைக்காரர் பராமரிப்புக் கட்டணம் செலுத்த மறுப்பார். கட்டணம் வராததால் முதலில் குளிர்சாதனம் நிற்கும், பின்பு நகரும் படிக்கட்டு, அதன்பின் கழிப்பறையில் தண்ணீர். மிச்சமிருந்த கடைக்காரர்களும் கிளம்புவார்கள். கருத்தரங்கில் 'காலத்தின் அரிப்பு' என்று காட்டப்படும் படிக்கட்டு நின்றதற்குக் காரணம் காலம் அன்று, கட்டாத மின்கட்டணம்.

உறுதியளித்த வருவாயை நம்பி ஏமாந்தவர்கள் தீர்ப்பாயங்களின் கதவைத் தட்டிய வரலாறு தனியே எழுதத் தக்கது. அத்தகையோரும் நிதிசார் கடனளித்தோரே என்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2017இல் தீர்ப்பளித்தது. 2018இல் திவால் சட்டத்திருத்தம் வீடு, கடை முன்பதிவு செய்தோருக்கு அந்த நிலையைப் பொதுவாகவே வழங்கியது. ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019இல் வந்தபோது, அதையே காட்டித் தாம் வாக்களித்த தொகையைத் தர மறுத்த கட்டுமான நிறுவனங்களும் உண்டு. இந்த ஆவணங்கள் அனைத்தும் பொதுவில் கிடைக்கின்றன. பெஞ்சமினைவிட வாசிக்கக் கடினமானவை அல்ல, மேற்கோள் காட்டக் கவர்ச்சி குறைந்தவை, அவ்வளவே.

இந்தப் 'பேய் மால்கள்' பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் கணக்கு, நைட் பிராங்க் என்ற சொத்து ஆலோசனை நிறுவனத்தின் 2024 அறிக்கை. நாற்பது விழுக்காட்டுக்கு மேல் காலியாக உள்ள வளாகங்களை அது பேய் மால் என்கிறது. நாட்டின் பெருநகரங்களில் அவற்றின் எண்ணிக்கை 2022இல் 57ஆக இருந்தது, 2023இல் 64ஆயிற்று. பரப்பு ஏறத்தாழ 1.33 கோடி சதுர அடி, மதிப்பிழப்பு ரூ. 6,700 கோடி. சொத்து ஆலோசகர்கள் சொத்தின் இழப்பை எண்ணுவது அவர்கள் தொழில், அதில் குறையில்லை. சமூக அறிவியலாளர்களும் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவதுதான் வெட்கக்கேடு. 1.33 கோடி சதுர அடியைப் பெருக்கித் துடைத்தவர்கள் எந்த அட்டவணையில் வருகிறார்கள்?

எந்த அட்டவணையிலும் வரமாட்டார்கள் என்பதற்குச் சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்ட நிறுவனத்தை மூட அரசின் முன்னனுமதி வேண்டும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கடைகளுக்கு இல்லை. அறுபது நாள் முன்னறிவிப்பு விதியோ, ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனத்தைத் தொடாது. ஒரு மாலில் ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்த்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஆயிரத்து இருநூறு பேர் அல்லர். இந்தக் கடையில் ஆறு பேர், அந்தக் கடையில் எட்டுப் பேர். காவலாளிகள் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில், துப்புரவாளர்கள் மற்றொன்றில். ஆயிரம் பேர் பணியாற்றும் ஆலையை மூடினால் அது நாளிதழின் முதல் பக்கச் செய்தி. ஆயிரம் பேர் பணியாற்றும் மால், மூன்றாண்டுகளில் கடை கடையாக மூடினால் அது செய்தியே அன்று. 2020இன் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நூறு என்ற வரம்பை முந்நூறாக உயர்த்தி, ஆலைத் தொழிலாளருக்கு இருந்த சொற்பப் பாதுகாப்பையும் மால் தொழிலாளரின் நிலையை நோக்கிச் சரித்தது.

சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா 2009இல் சரிந்தபோது நாடெங்கும் அதன் கடைகள் ஏறத்தாழ 1,600. ஃபியூச்சர் ரீடெய்ல் நிறுவனம் 2022 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பே அதன் பிக் பஜார் கடைகள் பலவற்றின் குத்தகை ரிலையன்ஸ் குழுமத்தின் கைக்குப் போயிருந்தது. அமேசானோடு அந்நிறுவனம் நடத்திய வழக்குகளைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. பணம் வசூலிக்கும் மேசைக்குப் பின்னே நின்றவர்களைப் பற்றி எத்தனை முனைவர்பட்ட ஆய்வேடுகள் உள்ளன என்று நூலகப் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம்.

'நின்றவர்கள்' என்பது உருவகம் அன்று. கோழிக்கோட்டின் மிட்டாய்த்தெருக் கடைகளில் பணியாற்றிய பெண்கள், 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியே, வேலைநேரத்தில் உட்காரவும் கழிப்பறை செல்லவும் உரிமை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினர். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உட்காரும் உரிமை ஏட்டில் வந்துசேர்ந்த அதே பருவத்தில்தான் பல வளாகங்களில் உட்கார நாற்காலி இருந்த கடையே இல்லாமல் போயிற்று. இடிபாட்டுப் படங்களில் துணிக்கடைப் பொம்மை மட்டும் நிற்பதன் பின்னே இப்படி ஒரு வரலாறு நிற்கிறது.

மும்பையின் நடுப்பகுதியில் இந்த மறதிக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் ஈடுபட்டனர். ஆலைகள் பின்னர் ஒவ்வொன்றாக மூடின. 1991இன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை நகரத்தின் திறந்தவெளிக்கும் ஒரு பங்கைப் பொதுவீட்டு வசதிக்கும் தர வேண்டும் என்றது. 2001இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பங்கீட்டைக் கட்டடமில்லாத வெற்று நிலத்துக்கு மட்டும் எனக் குறுக்கியது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஃபீனிக்ஸ் ஆலை மாலாயிற்று. ஆனால் பஞ்சாலைத் தொழிலாளருக்கு வருகைப்பதிவேடு இருந்தது, சங்கம் இருந்தது, அந்தப் பெயர்களை வைத்து வீடு கேட்டு அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றளவும் போராட முடிகிறது. மீனா மேனனும் நீரா அடார்க்கரும் அவர்களின் குரல்களைத் தொகுத்து நூலாக்கினர். அதே மண்ணில் எழுந்த மால்களின் ஊழியர்களுக்கு என்ன பதிவேடு எஞ்சும்? ஆள்சேர்ப்பு முகமையின் வாட்ஸ்அப் குழு ஒன்று, அதுவும் கலைக்கப்பட்டிருக்கும்.

கோட்பாட்டின் துணை வேண்டுவோர்க்கும் குறையில்லை. ஆன் லாரா ஸ்டோலர், இடிபாட்டைப் பெயர்ச்சொல்லாக அன்றி வினைச்சொல்லாகக் கொள்ள வேண்டும் என்று 2013இல் தொகுத்த நூலில் வாதிட்டார். தமிழில் எழுதுவோர்க்கு அந்த நூல்கூடத் தேவையில்லை, பள்ளி இலக்கணம் போதும். பாழடைந்தது என்பது தன்வினை, தானே நடந்தது. பாழாக்கியது என்பது பிறவினை. அதற்கு எழுவாய் வேண்டும். 'மால் மூடப்பட்டது' என்ற செயப்பாட்டுவினையோ மூடியவரை மறைப்பதில் அரசாணைகளுக்கு நிகரானது. இடிபாட்டு அழகியலின் ஒவ்வொரு வாக்கியமும் தன்வினையில் முடிவது தற்செயலன்று.

எழுவாயை மறைத்தால் உயிர் போகும் என்பதற்கு பாண்டுப் சான்று. மும்பைப் புறநகரான அங்கு ட்ரீம்ஸ் மால் நூற்றுக்கணக்கான சிறு உரிமையாளர்களுக்குத் துண்டாக விற்கப்பட்டது. கட்டியவர் கடனில் மூழ்க, பொறுப்பு தீர்ப்பாயம் நியமித்த நிர்வாகியிடம் சென்றது. பெரும்பகுதி இருண்டு கிடந்த அந்தக் கட்டடத்தின் மேல்தளத்தில், பெருந்தொற்றின் படுக்கைத் தட்டுப்பாட்டில், ஒரு கொரோனா மருத்துவமனை இயங்க அனுமதிக்கப்பட்டது. 2021 மார்ச் 25 நள்ளிரவை ஒட்டி மாலில் தீப்பிடித்துப் புகை மேலே ஏறியது. நோயாளிகளில் ஏறத்தாழ பத்துப் பேர் இறந்தனர். தீயணைப்பு ஏற்பாடுகளுக்கு யார் பொறுப்பு என்பதில் மருத்துவமனையும் மால் நிர்வாகமும் நகராட்சியும் ஒருவரை ஒருவர் சுட்டின. காலியான மால் வெறும் காட்சிப்பொருள் என்று எண்ணுவோர், பராமரிப்புக் கட்டணம் நின்ற கட்டடத்தில் தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டியின் கதி என்னவாகும் என்று யோசித்துப் பார்க்கட்டும். அத்தகைய வளாகங்களின் மேல்தளங்களில் தேர்வுப் பயிற்சி மையங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் சிறு மருத்துவமனைகளும் குறைந்த வாடகைக்கு இன்றும் இயங்குகின்றன. கருத்தரங்கில் கைதட்டும் மாணவர்களின் தம்பி தங்கைகள்தான் மாலை நேரங்களில் அங்கே படிக்கிறார்கள்.

ஆகவே அடுத்த பருவத்தில் 'நகரமும் இடிபாடும்' என்ற தலைப்பில் களப்பணிக்கு மாணவரை அனுப்பும் பேராசிரியர்கள், கேமராவை விடுதியில் வைத்துவிட்டு வரச் சொல்லலாம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு எத்தனை கடைகள், யார் பெயரில் உள்ளன என்று தேடட்டும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கட்டும். வாசலில் இன்னும் ஒரு காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அவருக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று கேட்டு எழுதி வரட்டும்.