மாற்றுங்கள், ஆனால் எழுதி வையுங்கள்

பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சிலர் சொல்லும் புகார் இது: "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் இப்படி நடந்து கொள்கிறது என்று புரியவில்லை." பல சமயங்களில் கருவியில் பழுது எதுவும் இருக்காது. முன்பு வைத்திருந்தவர் எதையோ மாற்றியிருப்பார். விற்கும்போது அதைச் சொல்லியிருக்க மாட்டார். இந்தப் பாடத்தை நான் கற்றது கம்ப்யூட்டரில் அல்ல, ஒரு பழைய ரேடியோவில்.

நான் இருப்பது ராணிப்பேட்டை மாவட்டம் கலவையில். எனக்கு ஹாம் ரேடியோவில் ஈடுபாடு உண்டு. வயர்லெஸ் செட் மூலம் பிறருடன் பேசும் பொழுதுபோக்கு இது. மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள் மட்டுமே இதில் ஈடுபடலாம். ஆம்பூர் பக்கம் ஒருவரிடமிருந்து பழைய செட் ஒன்றை வாங்கி வந்தேன்.

மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. ஆனால் மைக் பட்டனை அழுத்திப் பேசினால் எதுவும் போகவில்லை. சேனல் மாற்றும் பட்டனைத் தொட்டாலோ செட் ஒலிபரப்பத் தொடங்கிவிடும்! மைக் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதே கதைதான். இரண்டு வாரம் வீணானது.

மூடியைத் திறந்தபோது

கடைசியில் மூடியைத் திறந்தேன். கம்பெனி சால்டரிங் சீராக இருக்கும். பிறர் கை வைத்த இடத்தில் ஈயம் உருண்டும், பிளக்ஸ் கறையோடும் இருக்கும். சர்க்யூட் படத்துடன் ஒப்பிட்டுப் பார்த்ததில் மூன்று மாற்றங்கள் அகப்பட்டன.

முதலாவது, மைக் சாக்கெட். எட்டு பின் சாக்கெட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். யாரோ வேறு கம்பெனி மைக்கிற்காக உள்ளே வயர்களை மாற்றிவிட்டு, என்னிடம் பழைய மைக்கையே கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு சிறிய டையோடு வெட்டப்பட்டிருந்தது. குறிப்பிட்ட எல்லைக்கு வெளியே ஒலிபரப்பாமல் தடுப்பது அதன் வேலை. இந்தியாவில் இந்தப் பகுதியில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரைதான் அனுமதி. அதைத் தாண்டினால் பிறருக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை. குமிழைச் சற்று அதிகம் திருப்பியிருந்தால், யாரோ ஒருவரின் அவசரப் பேச்சுக்குக் குறுக்கே நான் நின்றிருப்பேன்; என் உரிமமும் போயிருக்கும்.

மூன்றாவது, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி. இதற்கு விளக்கம் தேவையில்லை.

மாற்றம் தவறா?

இல்லை. திறந்து பார்ப்பதும் திருத்துவதும்தான் ஹாமின் உயிரே. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோவை உலகெங்கும் பலர் தம் விருப்பப்படி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அதன் சர்க்யூட்டை அவர் எல்லோருக்கும் வெளியிட்டதால்தான் அது முடிந்தது. மறைத்து வைத்த மாற்றம் அடுத்தவருக்குப் பொறி.

இது வெறும் பொழுதுபோக்குக் கவலையும் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழுதான் பலரின் செய்திகளை வெளியே அனுப்பியது. அப்படிப்பட்ட நேரத்தில் என் செட் கையில் இருந்திருந்தால்?

பழைய செட் வாங்கினால்

1. முதலில் பியூஸ் சரியான அளவுதானா என்று பாருங்கள்.
2. ரீசெட் செய்து, முந்தையவரின் செட்டிங்குகளை நீக்குங்கள்.
3. ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு இணைத்துச் சோதியுங்கள். சிக்னல் வெளியே போகாது.
4. உதிரிப் பாகம் வாங்கும் முன் உள்ளே திறந்து, படத்துடன் ஒப்பிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம்தான். மதர் போர்டில் ஜம்பரை மாற்றினீர்களா? பயாஸில் வேகத்தைக் கூட்டினீர்களா? ஒரு துண்டுச் சீட்டில் தேதியுடன் எழுதி, கேபினட் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது உதவும். பழைய கருவி வாங்கும்போதும் "நன்றாக ஓடுகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதில் என்னென்ன மாற்றினீர்கள்?" என்றும் கேளுங்கள்.

என் செட்டில் டையோடு, பியூஸ், வயர் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. மூடிக்குள் இப்போது ஒரு சீட்டும் இருக்கிறது.