'ஒரிஜினல்' டேஸ்ட் தேடி புதுச்சேரிக்குப் போறீங்களா?

வார இறுதியானால் புதுச்சேரி ஒயிட் டவுனில் டூரிஸ்ட்கள் தேடுவது 'ஒரிஜினல்' ஃபிரெஞ்சு சாப்பாட்டை. அதே ஊரில், தொழிற்பேட்டையும் லாரிகளுமாக இருக்கும் மேட்டுப்பாளையம் பக்கம் ஃபாரின் ஐட்டம்னா ஃபிரைடு ரைஸும் மஞ்சூரியனும்தான். மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் சம்பந்தமே கிடையாது. 1970-களில் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். அதனால என்ன, சூடா இருந்தா ருசிதான்!

இந்த இரண்டிலும் சேராத ஒன்று புதுச்சேரி வீடுகளில் இருக்கிறது. ஃபிரெஞ்சு ஆட்சியில் ராணுவத்துக்கும் அரசு வேலைக்கும் சைகோன் போன தமிழர்களில் சிலர், வியட்நாம் பெண்களைக் கல்யாணம் செய்து பிறகு குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். அவர்களோடு வந்ததுதான் 'நெம்'. அரிசித் தாளில் கறியைச் சுருட்டிப் பொரிப்பது. வியட்நாமில் அதை லெட்டூஸ் இலையில் பச்சிலைகளோடு சுற்றி, மீன் சாஸ் கலந்த புளிப்பு இனிப்புச் சாற்றில் தொட்டுச் சாப்பிடுவார்கள். இங்கே கிடைக்காத சாமானுக்கு வேறொன்றைப் போட்ட அம்மாவுக்கு, எதற்குப் பதிலாக எதைப் போடுகிறோம் என்று நாக்கில் தெரியும். அசலைச் சாப்பிட்டே பார்க்காமல், எல்லாவற்றிலும் சோள மாவும் சிவப்புக் கலரும் கொட்டுவது வேற கதை. இரண்டையும் 'லோக்கல் டேஸ்ட்' என்று ஒரே பெயரில் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து நம்மவர்கள் வெயிலில் காயவைக்கும் தாளிப்பு வடகம், ஃபிரான்ஸில் 'வடூவான்' என்ற மசாலாவாகிவிட்டது. அங்கே அதை ஓவனில் உலர்த்துகிறார்கள், வெண்ணெய் சாஸில் போடுகிறார்கள். யாரும் அதைப் போலி என்று ஒதுக்கவில்லை. நம்ம ஊர் கலப்புச் சமையலைத்தான் 'காரமா இருக்கே, இது ஃபிரெஞ்சே இல்ல' என்று டூரிஸ்ட்டே தள்ளிவிடுகிறார்.

1962-ல் குடியுரிமையைத் தேர்வு செய்யும் வாய்ப்பு வந்தபோது ஃபிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் பல, ஃபிரான்ஸிலேயே தங்கிவிட்டன. பாட்டியின் கைப்பக்குவமும் கப்பல் ஏறிவிட்டது. மெனு கார்டில் இடம் கிடைக்காத சமையல், வீட்டிலும் ஆள் இல்லாவிட்டால் எங்கே போகும்?

பாரீஸ் பாணி சாப்பாட்டை ஒருமுறை காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்க, தப்பில்லை. அசலின் ருசி தெரிஞ்சாதான் மாற்றியதன் சாமர்த்தியமும் புரியும். அப்படியே நெம் இருக்கான்னும் கேளுங்க. கெட்சப்போடு வந்தால், தொட்டுக்க வேற என்ன இருக்குன்னு சமையல்காரரிடமே விசாரிங்க.